யூகேல ஸ்பீட் கேமரால மாட்டிட்டீங்களா? லெட்டர் வந்ததுல இருந்து என்ன பண்ணணும்

போலீஸ் பேர் போட்ட ஒரு கவர் வீட்டுக்கு வந்திருக்கும், பிரிச்சா மேல 'நோட்டீஸ் ஆஃப் இன்டென்டட் ப்ராசிக்யூஷன்'னு கொட்டை எழுத்துல இருக்கும். ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு ப்ராசிக்யூஷன்ங்கிற வார்த்தைய பாத்ததுமே வயித்த கலக்கிடும், விசா போயிடுமா, ஆபீஸ்ல தெரிஞ்சிடுமா, ஜெயிலானு கண்டபடி யோசிச்சுட்டு வாட்ஸாப் குரூப்ல கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. "கண்டுக்காதீங்க ப்ரோ, அவங்களே விட்டுடுவாங்க"னு ஒருத்தர், "உடனே பணத்த கட்டிடுங்க"னு இன்னொருத்தர். ரெண்டுமே தப்பு. பணம் கட்டுற கட்டமே இன்னும் வரல, கண்டுக்காம விட்டாதான் நிஜமான பிரச்சனையே ஆரம்பிக்கும்.

நான் இங்க சொல்றது இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நடைமுறை கொஞ்சம் வேற.

முதல்ல: இது ஸ்பீடிங் லெட்டர்தானா?

புதுசா வந்தவங்க ரொம்ப குழப்பிக்கிற இடம் இது. பார்க்கிங், பஸ் லேன், மஞ்சள் பாக்ஸ் ஜங்ஷன், யூலெஸ் (லண்டன்ல புகை ஜாஸ்தி விடுற வண்டிக்கு கட்டணம்), கன்ஜெஷன் சார்ஜ் (நெரிசல் கட்டணம்) இதுக்கெல்லாம் கவுன்சிலோ டிஎஃப்எல்லோ (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) அனுப்புறது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், அதாவது பிசிஎன். அது சிவில் சமாச்சாரம், லைசென்ஸ்ல பாயிண்ட் (தப்பு பண்ணா ஏறுற தண்டனை மார்க்) கிடையாது, பொதுவா 14 நாளுக்குள்ள கட்டினா பாதி பணம்தான். ஸ்பீடிங் அப்படி இல்ல, அது போலீஸ் அனுப்புறது, கிரிமினல் சட்டத்துக்கு கீழ வரும், சீக்கிரம் கட்டினா பாதினு சலுகை எதுவும் இல்ல.

இன்னொண்ணு, மொபைல்ல "உங்க ஸ்பீடிங் ஃபைன் பாக்கி இருக்கு, இந்த லிங்க்ல கட்டுங்க"னு மெசேஜ் வந்தா அது திருட்டு வேலை. முதல் நோட்டீஸ் தபால்லதான் வரும். ஆன்லைன்ல பதில் சொல்ல வெப்சைட் அட்ரஸ் அந்த லெட்டர்லயே இருக்கும், அத நீங்களே டைப் பண்ணி போங்க, கூகிள்ல தேடி முதல்ல வர்றத அமுக்காதீங்க.

லெட்டர்ல என்னெல்லாம் பாக்கணும்

தேதி, நேரம், ரோடு, உங்க நம்பர் பிளேட், எந்த லிமிட்ல எவ்வளவு வேகம். இது எல்லாமே மைல் கணக்கு, 30ங்கிறது நம்ம ஊர் கணக்குல 48 கிலோமீட்டர். "என் மீட்டர் அவ்வளவு காட்டலயே"னு நிறைய பேர் சொல்றாங்க. கார் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்த விட கம்மியா காட்டக்கூடாதுனு விதியே இருக்கு, அதனால பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். கேமரா 36னு சொன்னா உங்க மீட்டர்ல அன்னிக்கு 38 மாதிரி ஓடியிருக்கும், நீங்க பாக்கல, அவ்வளவுதான்.

அடுத்து 14 நாள் விஷயம். குத்தம் நடந்த நாள விட்டுட்டு எண்ணினா 14 நாளுக்குள்ள முதல் நோட்டீஸ் காரோட ரெஜிஸ்டர்ட் கீப்பருக்கு, அதாவது கார் யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவங்களுக்கு, போய் சேரணும். இது 1988ம் வருஷ ரோடு ட்ராஃபிக் அஃபென்டர்ஸ் ஆக்ட்ல இருக்கு. இத அரைகுறையா கேட்டுட்டு "எனக்கு 20 நாள் கழிச்சுதான் வந்துச்சு, தப்பிச்சேன்"னு சந்தோஷப்படுறவங்க ஜாஸ்தி. கார் ஆபீஸ் காரா, லீஸா, வாடகைக்கு எடுத்ததா, ஃப்ரெண்டோடதா? அப்போ முதல் லெட்டர் அவங்களுக்கு போயிருக்கும், அவங்க உங்க பேர சொன்ன பிறகு வர்ற ரெண்டாவது லெட்டருக்கு 14 நாள் கணக்கு கிடையாது. கார் உங்க பேர்லயே இருந்து, வி5சில (காரோட பதிவு லாக்புக்) அட்ரஸும் சரியா இருந்து, அப்பவும் முதல் லெட்டர் லேட்டா வந்திருந்தா நிஜமாவே உங்க பக்கம் வாதம் இருக்கு, வக்கீல்கிட்ட பேசலாம். ஆனா அப்பவும் யார் ஓட்டினதுங்கிற கேள்விக்கு பதில் அனுப்பியே ஆகணும், இத மட்டும் மறக்காதீங்க.

28 நாள்: இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமான தேதி

லெட்டரோட ஒரு ஃபார்ம் இருக்கும், அந்த நேரத்துல கார ஓட்டினது யாருனு கேப்பாங்க. ரோடு ட்ராஃபிக் ஆக்ட் 1988, செக்‌ஷன் 172. 28 நாளுக்குள்ள பதில் போகணும். போகலனா அது தனி குத்தம், 6 பாயிண்ட், 1000 பவுண்டு வரைக்கும் ஃபைன், லைசென்ஸ் ரெக்கார்ட்ல எம்எஸ்90னு ஒரு கோட் ஏறும். அந்த கோட பாத்தா இன்சூரன்ஸ்காரங்களுக்கு சாதாரண ஸ்பீடிங்க விட அதிகமா கசக்கும். 36ல போனதுக்கு பாயிண்டுக்கு பதிலா போற ஒரு ஸ்பீட் அவேர்னஸ் கோர்ஸோட முடிய வேண்டியது, லெட்டர டிராயர்ல போட்டு வெச்சதால 6 பாயிண்டா மாறும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, அதேதான்.

ஃபார்ம நிரப்புறப்ப லைசென்ஸ்ல இருக்கிற மாதிரியே பேர எழுதுங்க, நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல், அப்பா பேரு, சர்நேம்னு இடம் மாறி மாறி இருக்கும், ஒரு இடத்துல ஒரு மாதிரி எழுதினா அங்க மாட்டிக்கும். பேப்பர்ல அனுப்பினா கையெழுத்து போடுங்க, கையெழுத்து இல்லாத ஃபார்ம் பதிலே அனுப்பாத மாதிரிதான். போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல கேட்டா சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங் ஃப்ரீயாவே தருவாங்க, வாங்கி வெச்சுக்குங்க. ஆன்லைன்ல முடிச்சா கடைசி பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

ஓட்டினது நானா அவங்களானு நிஜமாவே ஞாபகம் இல்லாம இருக்கலாம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே கார ஓட்டுற வீட்ல இது சகஜம். போலீஸ்கிட்ட ஃபோட்டோ கேக்கலாம், நிறைய இடத்துல ஆன்லைன்லயே பாக்க முடியும். ஆனா பழைய கேட்ஸோ வகை கேமரா பின்பக்கத்துலதான் படம் எடுக்கும், நம்பர் பிளேட்தான் தெரியும், முகம் தெரியாது. அப்போ கூகிள் மேப்ஸ் டைம்லைன், பேங்க் கார்டு ஸ்டேட்மென்ட், ஆபீஸ் ரோட்டா எல்லாத்தையும் வெச்சு அந்த நாள கண்டுபிடிங்க. "தெரியல"னு ஒத்த வார்த்தை எழுதி அனுப்பினா ஏத்துக்க மாட்டாங்க, கண்டுபிடிக்க என்னெல்லாம் முயற்சி பண்ணினீங்கனு கோர்ட்ல காட்ட வேண்டி வரும், அது லேசுப்பட்டது இல்ல.

இந்த கேட்ஸோங்கிறது ஒரு ஆளோட பேர்ல இருந்து வந்தது. மவுஸ் கேட்ஸோனிடஸ்னு ஒரு டச்சுக்காரர், 1953ல மான்டே கார்லோ ராலிய ஜெயிச்ச ரேஸ் டிரைவர், வளைவுல தான் இன்னும் வேகமா போறது எப்படினு அளக்கத்தான் இந்த மெஷின உருவாக்கினாரு. இன்னிக்கு அது யார வேகமா போக விடுது பாருங்க.

அடுத்தவங்க பேர்ல பாயிண்ட் போடுற ஐடியா வேண்டாம்

"என் மச்சான் பேர குடுத்துடறேன், அவன் லைசென்ஸ் க்ளீன்"னு ஐடியா சொல்றவங்க எல்லா குரூப்லயும் இருக்காங்க. காசு வாங்கிட்டு பாயிண்ட் எடுத்துக்கிற ஆளுங்களும் இருக்காங்க. இது ஸ்பீடிங் இல்ல, நீதிய திசைதிருப்புற குத்தம், ஜெயில் தண்டனை உள்ளது. கிறிஸ் ஹூன்னு ஒரு கேபினட் மந்திரி இருந்தாரு. 2003ல எம்11 மோட்டர்வேல கேமரால மாட்டினப்ப ஓட்டினது தன் மனைவி விக்கி ப்ரைஸ்னு சொல்லி பாயிண்ட அவங்க எடுத்துக்கிட்டாங்க, கல்யாணம் முறிஞ்ச பிறகு விஷயம் வெளிய வந்துச்சு, 2013ல ரெண்டு பேருக்கும் 8 மாசம் ஜெயில். சரி, அதோட எல்லாரும் திருந்தியிருப்பாங்கனு பாத்தா, பீட்டர்பரோ எம்பி ஃபியோனா ஒனசான்யா, படிச்ச வக்கீல், 2017ல நடந்த ஒரு ஸ்பீடிங் விஷயத்துல பொய் சொல்லி 2019 ஜனவரில 3 மாசம் தண்டனை வாங்கி எம்பி பதவியும் போச்சு. விசால இருக்கிற நமக்கு இந்த மாதிரி ஒரு தீர்ப்பு வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

இதுல இன்னொரு சிக்கலும் ஒளிஞ்சிருக்கு. ஃப்ரெண்டு கார வாங்கி ஓட்டினப்ப மாட்டியிருந்தா, உங்க பேர சொன்ன உடனே அந்த காருக்கு உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சாங்கிற கேள்வியும் வரலாம். இங்க ஊர் மாதிரி வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா யாரு வேணா ஓட்டலாம்னு கிடையாது, ஓட்டுற ஆள் பேர் பாலிசில இருக்கணும். இல்லனா குறைஞ்சது 6 பாயிண்ட், ஸ்பீடிங்க விட இதுதான் பெரிய அடி. அப்படி ஒரு நிலைமைல இருந்தா ஃபார்ம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு மோட்டரிங் வக்கீல்கிட்ட பேசுங்க, 28 நாள தாண்டாம.

அப்புறம் வர்ற லெட்டர்: மூணுல ஒண்ணு

நீங்கதான் ஓட்டினதுனு சொன்ன பிறகு அடுத்த லெட்டர் வரும். கோர்ஸ், ஃபிக்ஸட் பெனால்டி, இல்ல கோர்ட். எது வரும்ங்கிறது வேகத்த பொறுத்தது. போலீஸ் பொதுவா வெச்சிருக்கிற வழிகாட்டல்படி, லிமிட்டுக்கு மேல 10 சதவீதம், அதோட 2 மைல், அங்க இருந்துதான் நடவடிக்கை ஆரம்பிக்கும். 30 ரோட்ல 35ல இருந்து 42 வரைக்கும் கோர்ஸ், 43ல இருந்து 49 வரைக்கும் ஃபிக்ஸட் பெனால்டி, 50 ஆனா கோர்ட். 20 ரோட்ல 24ல இருந்து 31 கோர்ஸ், 35 ஆனா கோர்ட். மோட்டர்வே 70ல 79ல இருந்து 86 கோர்ஸ், 96 ஆனா கோர்ட். இது வழிகாட்டல்தான், உரிமை இல்ல. 31ல போனாலே சட்டப்படி குத்தம்தான், அதனால "34 வரைக்கும் ஓகே"னு யாராவது சொன்னா தலைய ஆட்டிட்டு வந்துடுங்க.

கோர்ஸ் கிடைச்சா கண்ண மூடிட்டு எடுத்துக்குங்க, இது என் அபிப்பிராயம். பாயிண்ட் இல்ல, ரெக்கார்ட் இல்ல. செலவு ஏரியாவுக்கு ஏரியா மாறும், கிட்டத்தட்ட 100 பவுண்டுக்கு பக்கத்துலதான் வரும், அரை நாளுக்குள்ள முடியுற கிளாஸ், பெரும்பாலும் ஆன்லைன். பரீட்சை எல்லாம் கிடையாது, ஆனா கேமரா ஆன்ல இருக்கணும், கேட்டா பதில் சொல்லணும், ஐடி காட்டணும். லேட்டா ஜாயின் பண்ணா, பக்கத்துல புள்ளைங்க ஓடிட்டிருந்தா, இல்ல கார்ல உக்காந்துட்டே கலந்துக்க பாத்தா வெளிய அனுப்பிடுவாங்க. இங்கிலீஷ் பேச கஷ்டம்னா புக் பண்றப்பவே சொல்லிடுங்க. உண்மைய சொன்னா உருப்படியான கிளாஸ்தான், 30ல போற கார் நிக்க 23 மீட்டர், 70ல 96 மீட்டர்னு ஹைவே கோட் கணக்க போட்டு காட்டுவாங்க, லைட் கம்பம் இருக்கிற ரோட்ல போர்டு இல்லனா 30னு அர்த்தம், வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல இருந்து அதே ரோடு 20னு எல்லாம் அங்கதான் நிறைய பேருக்கு முதல்முறையா உறைக்கும். ஒரே நிபந்தனை, 3 வருஷத்துக்குள்ள நடந்த இன்னொரு ஸ்பீடிங்குக்கு ஏற்கனவே கோர்ஸ் போயிருந்தா திரும்ப கிடைக்காது. புக் பண்ணிட்டு போகாம விட்டா கேஸ் கோர்ட்டுக்கு போகும்.

ஃபிக்ஸட் பெனால்டினா 100 பவுண்டு, 3 பாயிண்ட், 28 நாளுக்குள்ள ஏத்துக்கணும். பணத்த மட்டும் கட்டிட்டு லைசென்ஸ் விவரம் அனுப்பாம விட்டா முடிஞ்சதா அர்த்தம் இல்ல, ரெண்டும் போகணும். ஊர் லைசென்ஸ்ல ஓட்டுறவங்க "எனக்குதான் யூகே லைசென்ஸே இல்லயே, பாயிண்ட எங்க போடுவாங்க"னு கேப்பாங்க, டிவிஎல்ஏ (லைசென்ஸ் குடுக்கிற அரசு அமைப்பு) உங்க பேர்ல ஒரு ரெக்கார்ட் தொறந்து அதுல போட்டு வெச்சிருக்கும், பின்னால யூகே லைசென்ஸ் எடுக்கிறப்ப அது கூடவே வந்து சேரும்.

கோர்ட்ல ஃபைன் உங்க வார சம்பளத்த வெச்சு கணக்கு. 30 ரோட்ல 40 வரைக்கும்னா வார வருமானத்துல பாதியும் 3 பாயிண்டும், 41ல இருந்து 50னா ஒரு வார வருமானமும் 4ல இருந்து 6 பாயிண்டும், 51 தாண்டினா ஒன்றரை வார வருமானமும் 6 பாயிண்டும். 41க்கு மேல கொஞ்ச நாளைக்கு ஓட்டவே தடை போடவும் வாய்ப்பு இருக்கு. உச்ச வரம்பு 1000 பவுண்டு, மோட்டர்வேனா 2500. ஆரம்பத்துலயே குத்தத்த ஒத்துக்கிட்டா மூணுல ஒரு பங்கு குறையும், ஆனா அதுக்கு மேல சர்சார்ஜ், வழக்குச் செலவுனு சேரும். பாதி பேருக்கு நேர்ல போகவே தேவை இருக்காது, சிங்கிள் ஜஸ்டிஸ் ப்ரொசீஜர்னு தபால்லயோ ஆன்லைன்லயோ முடிஞ்சிடும். அந்த லெட்டருக்கு 21 நாள் டைம். வருமான விவரம் கேக்கிற பக்கத்த நிரப்பாம விட்டா அவங்களே ஒரு தொகைய அனுமானிச்சுப்பாங்க, அது உங்க சம்பளத்த விட ஜாஸ்தியா இருந்தா நஷ்டம் உங்களுக்கு.

ஊர்ல 15 வருஷம் ஓட்டினவங்க இத கட்டாயம் படிங்க

இந்தியா, இலங்கை லைசென்ஸ்ல இங்க குடியேறின நாள்ல இருந்து 12 மாசம் ஓட்டலாம், அதுக்கு அப்புறம் தியரி, ப்ராக்டிகல் எழுதி பாஸ் பண்ணணும், மாத்திக்க முடியாது. (சிங்கப்பூர் லைசென்ஸ்னா மாத்திக்கலாம், அங்க இருந்து வந்தவங்களுக்கு அந்த ஒரு அதிர்ஷ்டம்.) டெஸ்ட் பாஸ் பண்ணின நாள்ல இருந்து 2 வருஷத்துக்கு சட்டத்தோட கண்ணுல நீங்க புது டிரைவர். சென்னை கிண்டி ட்ராஃபிக்ல 15 வருஷம் ஓட்டின அனுபவம் இருந்தாலும் சரி, 18 வயசு பையனும் நீங்களும் ஒண்ணு. அந்த 2 வருஷத்துக்குள்ள 6 பாயிண்ட் சேர்ந்தா லைசென்ஸ் ரத்து, 1995ம் வருஷ நியூ டிரைவர்ஸ் ஆக்ட். திரும்ப ப்ரொவிஷனல் (கத்துக்கிறவங்களுக்கான லைசென்ஸ்) எடுத்து, எல் போர்டு மாட்டி, தியரில இருந்து ஆரம்பிக்கணும்.

கவனிங்க, ரெண்டு தடவை 3 பாயிண்ட் வாங்கினாலே 6. அந்த 28 நாள் ஃபார்ம விட்டாலும் ஒரே அடில 6. டெஸ்டுக்கு முன்னாடி வாங்கின பாயிண்டும் கணக்குல சேரும். வேலைக்கு போகணும், புள்ளைய ஸ்கூல்ல விடணும்னு கோர்ட்ல அழுதாலும் இப்படி ரத்தாகுறத நிறுத்த முடியாது, டிவிஎல்ஏ தானாவே பண்ணிடும். கஷ்டத்த சொல்லி வாதாடுற வாய்ப்பு 12 பாயிண்ட் சேர்ந்து 6 மாசம் தடை வர்ற கேஸ்லதான். அதனாலதான் புது லைசென்ஸ்காரங்க கோர்ஸ் வாய்ப்ப ஒருபோதும் விடக்கூடாதுனு சொல்றேன்.

இன்சூரன்ஸ், விசா, வேலை

பாயிண்ட் லைசென்ஸ்ல 4 வருஷம் இருக்கும், 12 பாயிண்ட் கணக்குக்கு 3 வருஷம்தான் எடுப்பாங்க. ஆனா இன்சூரன்ஸ் ஃபார்ம்ல பெரும்பாலும் 5 வருஷத்துக்கு கேப்பாங்க, கேட்டா சொல்லணும், எஸ்பி30ங்கிறதுதான் சாதாரண ரோடு ஸ்பீடிங் கோட், மோட்டர்வேனா எஸ்பி50. மறைச்சா பின்னால க்ளெய்ம் பண்றப்ப கைய விரிச்சிடுவாங்க. கோர்ஸ் போனது தண்டனை இல்ல, ஆனா சில கம்பெனி அதையும் தனியா கேக்கும், கேட்டா உண்மைய சொல்லுங்க. டாக்ஸி, மினிகேப் ஓட்டுறவங்க லைசென்ஸ் குடுத்த கவுன்சிலுக்கோ டிஎஃப்எல்லுக்கோ தெரியப்படுத்தணும், அவங்க விதிய பாத்துக்குங்க.

விசா பயம் எல்லாருக்கும் இருக்கு. ஃபிக்ஸட் பெனால்டிய ஏத்துக்கிட்டு நேரத்துல கட்டினா அது கிரிமினல் கன்விக்‌ஷன் ஆகாது. கோர்ட்டுக்கு போய் தீர்ப்பு வந்தா அது கன்விக்‌ஷன், ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி), சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல கேக்கிற இடத்துல எழுதணும். ஒரு ஸ்பீடிங் தீர்ப்புக்காக பயப்படுறத விட அத எழுதாம மறைக்கிறதுக்கு பயப்படுங்க. கோர்ட் வரைக்கும் போனவங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

வீடு மாறினவங்களுக்கு

ஈஸ்ட் ஹாம்ல ரூம், அப்புறம் ஹாரோவுல ஃபிளாட், அப்புறம் வேலை கிடைச்ச ஊருக்கு ஒரு வீடுனு முதல் ரெண்டு வருஷத்துல எல்லாரும் மாறிட்டேதான் இருப்போம். லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்தினா போதும்னு நினைச்சுக்கிறாங்க, இல்ல, வி5சி லாக்புக்ல தனியா மாத்தணும், ரெண்டுமே ஆன்லைன்ல ஃப்ரீ. கேமரா லெட்டர் போறது வி5சி அட்ரஸுக்குதான். பழைய வீட்டுக்கு லெட்டர் போய், அங்க இருக்கிறவன் குப்பைல போட்டு, உங்களுக்கு தெரியாமலே கோர்ட்ல தீர்ப்பாகி, இன்சூரன்ஸ் ரின்யூ பண்றப்பதான் 6 பாயிண்ட் இருக்கிறதே தெரியவரும், இல்ல ஒருநாள் பெய்லிஃப் (ஃபைன் பாக்கிய வசூல் பண்ண வர்ற ஆள்) கதவ தட்டுவாரு.

அப்படி ஆயிடுச்சுனா ஒரு வழி இருக்கு. கேஸ் நடந்ததே தெரியாதுனு மஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் (சத்தியம் பண்ணி குடுக்கிற வாக்குமூலம்) குடுக்கலாம், விஷயம் தெரிய வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள. அது ஏத்துக்கப்பட்டா அந்த தீர்ப்பு செல்லாது, கேஸ் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கோர்ட்டுக்கு போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கணும், வீடு மாறினதுக்கு டெனன்சி அக்ரிமென்ட், கவுன்சில் டாக்ஸ் பில் மாதிரி எதாவது கையில வெச்சுக்குங்க. சத்தியப்பிரமாணம் பண்றது, பொய் சொன்னா அதுக்கு தனி கேஸ். ஃபைன் லெட்டரோ பெய்லிஃப் லெட்டரோ கைக்கு வந்த தேதிய கவர் மேலயே எழுதி வெச்சுடுங்க, அந்த 21 நாள் அங்க இருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.